ஃபைல் திறக்கவில்லையா? முதலில் சைஸைப் பாருங்கள்

அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத்துப் பட்டறைகளுக்கும் டூல் ரூம்களுக்கும் நடுவே இப்போது டேட்டா சென்டர்கள் எழும்பிக்கொண்டிருக்கின்றன. என்டிடி 2023-இல் ஒரு வளாகத்தைத் திறந்தது. ரிலையன்ஸ், புரூக்ஃபீல்டு, டிஜிட்டல் ரியால்ட்டி மூவரும் கூட்டுச் சேர்ந்த டிஜிட்டல் கனெக்‌ஷன் 2024 ஜனவரியில் இன்னொன்றைத் திறந்தது. அறுபதுகளில் சிறுதொழிலுக்காகப் போட்ட பேட்டை, இன்று உலகம் ‘கிளவுட்’ என்று சொல்லும் சமாச்சாரத்தில் ஒரு பங்கைத் தாங்கி நிற்கிறது. அங்கிருந்து ஷேர் ஆட்டோ தூரத்தில் கடை வைத்திருக்கும் ஸ்டுடியோக்காரர் என்னிடம் போனில் சொல்வது மட்டும் மாறவே இல்லை. “சார், கிளவுட்ல போட்ட பிஎஸ்டி ஓப்பன் ஆகல. கரப்ட் ஆயிடுச்சு போல.”

அவருடைய பிஎஸ்டி, அதாவது போட்டோஷாப் ஃபைல், அந்தக் கட்டடங்களில்தான் இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். அது எந்த ஊரில், எந்த நாட்டில் இருக்கிறது என்பது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரிந்தாலும் ஒரு பிரயோஜனமும் இல்லை. கேள்வி வேறு: அந்த ஃபைல் இப்போது அவருடைய கம்ப்யூட்டரில் முழுதாக இருக்கிறதா, இல்லையா?

அம்பத்தூர் ஓ.டி., ஆவடி, திருமுல்லைவாயல், பூந்தமல்லி என்று இந்தப் பக்கத்து ஸ்டுடியோக்களுக்கும் ஃப்ளெக்ஸ் கடைகளுக்கும் டிடிபி சென்டர்களுக்கும் சிஸ்டம் பார்த்துக் கொடுப்பது என் வேலை. கிளவுடுக்கு இவர்கள் ஆசைப்பட்டு வந்தவர்கள் இல்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் கொஞ்சம் பேர் பயந்தார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து எஸ்டேட்டுக்குள்ளேயே தண்ணீர் நின்றபோது மிச்சம் பேரும் பயந்துவிட்டார்கள். கல்யாண ஆல்பத்தின் ஒரிஜினல் ஃபைல் ஹார்ட் டிஸ்கோடு நனைந்து போனால், அதை மறுபடி எடுக்க மாப்பிள்ளையையும் பெண்ணையும் திரும்ப மணவறையில் உட்காரவைக்க முடியாது. அதனால் எல்லாரும் எதையாவது ஒரு டிரைவில் ஏற்றிவைக்க ஆரம்பித்தார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் ஏற்றுவது ஒரு வேலை, இறக்குவது இன்னொரு வேலை. இரண்டாவதை யாரும் சொல்லித் தரவில்லை.

‘கரப்ட்’ என்று என்னைக் கூப்பிடுகிற கேஸ்களில் பெரும்பாலானவற்றில் ஃபைலுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அது வந்தே சேர்ந்திருக்காது, அவ்வளவுதான். ஆகவே நான் முதலில் செய்வது ஃபைல் மேல் ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ். அதில் ‘சைஸ்’ என்று ஒரு வரி இருக்கும், அதற்குக் கீழே ‘சைஸ் ஆன் டிஸ்க்’ என்று இன்னொரு வரி. ஒன்டிரைவ் ஃபோல்டரில் இருக்கும் ஃபைலுக்கு மேல் வரியில் 450 எம்பி என்றும் கீழ் வரியில் 0 என்றும் காட்டினால், வியாதி பிடிபட்டுவிட்டது. ஃபைல் உங்களிடம் இல்லை. பெயர்ப் பலகை மட்டும் மாட்டியிருக்கிறது.

இந்த ஏற்பாடு விண்டோஸ் 10-இல் 2017-இல் வந்தது. ஃபைல்ஸ் ஆன் டிமாண்ட் என்று பெயர். ஃபைல் பெயருக்குப் பக்கத்தில் நீல நிற மேகம் இருந்தால் அது ஆன்லைனில் மட்டும்தான் இருக்கிறது. வெள்ளை வட்டத்தில் பச்சை டிக் இருந்தால் ஒருமுறை இறங்கியிருக்கிறது, ஆனால் டிஸ்கில் இடம் குறைந்தால் விண்டோஸ் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். முழுப் பச்சை வட்டத்தில் வெள்ளை டிக் இருந்தால்தான் எப்போதும் உங்களிடம் இருக்கும். கூகுள் டிரைவின் டெஸ்க்டாப் சாஃப்ட்வேரிலும் ‘ஸ்ட்ரீம்’, ‘மிரர்’ என்று இரண்டு வழிகள் உண்டு. ஸ்ட்ரீமில் வைத்தால் ஜி டிரைவ் என்று ஒன்று முளைக்கும், எல்லா ஃபைலும் அங்கே இருப்பது போலத் தோன்றும், தொட்டால்தான் இறங்க ஆரம்பிக்கும். டிராப்பாக்ஸிலும் ஆப்பிளின் ஐகிளவுடிலும் இதே கதைதான். சிலிண்டர் புக் ஆகிவிட்டது என்று வந்த மெசேஜை வைத்துக்கொண்டு அடுப்பைப் பற்றவைக்க முடியாதல்லவா, அப்படி.

ஒரு வேர்ட் ஃபைல் என்றால் இந்த வித்தியாசமே தெரியாது. தொட்டவுடன் இறங்கிவிடும். நம் ஆட்கள் வைத்திருப்பது வேறு ரகம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 20-க்கு 10 அடி ஃப்ளெக்ஸை 72 டிபிஐயில் வைத்தால் 17,280-க்கு 8,640 பிக்சல். ஏறத்தாழ 15 கோடி பிக்சல். ஆர்ஜிபியில் பிக்சலுக்கு மூன்று பைட், ஆக ஒரே ஒரு முழு லேயர் மட்டும் 448 எம்பி. சிஎம்ஒய்கே என்றால் 597. ஆல்பத்தில் 12-க்கு 36 இன்ச் ஷீட் 300 டிபிஐயில் ஒரு லேயருக்கு 117 எம்பி. சேமிக்கும்போது போட்டோஷாப் கொஞ்சம் அமுக்கும் என்பது உண்மைதான். ஆனால் நம்மூர் டிசைனர் ஒரு ஷீட்டில் எத்தனை பூ, எத்தனை கோபுரம், எத்தனை புறா வைக்கிறார் என்று பார்த்தவர்களுக்கு நான் மேலே சொல்ல வேண்டியதில்லை.

இவ்வளவு பெரிய ஃபைல் நீல மேகமாக இருக்கும்போது போட்டோஷாப்பில் டபுள் கிளிக் செய்தால் என்ன ஆகும்? 10 எம்பிபிஎஸ் வேகத்தில் 450 எம்பி இறங்க ஆறு நிமிஷம் ஆகும். அதற்குள் பொறுமை போய் இன்னொரு தடவை கிளிக் செய்வார்கள், போட்டோஷாப் தொங்கும், டாஸ்க் மேனேஜரில் போய்க் கொல்வார்கள். ஃபைலின் மேல் பழி விழும். இரவு பதினொரு மணிக்கு இது நடக்கும்போதுதான் உண்மையான கஷ்டம். “நைட்டு ஒரு சாவு சார், விடியறதுக்குள்ள போஸ்டர் ஒட்டணும், அந்தக் கண்ணீர் அஞ்சலி டெம்ப்ளேட் மட்டும் தொறக்கவே மாட்டேங்குது” என்று ஆவடியிலிருந்து அண்ணன் ஒருவர் கூப்பிட்டார். டெம்ப்ளேட் நீல மேகத்தில் இருந்தது, கடையின் இணைப்பு அன்றைக்கு மந்தமாக இருந்தது. போன் ஹாட்ஸ்பாட்டைப் போட்டு, ‘ஆல்வேஸ் கீப் ஆன் திஸ் டிவைஸ்’ கொடுத்துவிட்டு, முழுப் பச்சை வட்டம் வரும்வரை போட்டோஷாப்பைத் தொடாதீர்கள் என்று சொன்னேன். வந்ததும் திறந்தது.

சரி, சைஸைப் பார்க்கிறீர்கள், 450 எம்பி இருக்க வேண்டிய இடத்தில் 3 கேபிதான் இருக்கிறது. இது வேறு கதை, எனக்குப் பிடித்த கதையும்கூட. கூகுள் டிரைவ் 100 எம்பிக்கு மேற்பட்ட ஃபைலை வைரஸ் சோதனை செய்வதில்லை. ‘இதைச் சோதிக்க முடியவில்லை, இருந்தாலும் இறக்கவா?’ என்று ஒரு பக்கம் வரும். நேரடியாக பிரவுசரில் இறக்கினால் பட்டனை அழுத்திவிட்டுப் போய்விடலாம். வேகமாக இறங்கும் என்று யாரோ போட்டுக்கொடுத்த டவுன்லோடு மேனேஜர் இருந்தால், அது சில நேரம் அந்த எச்சரிக்கைப் பக்கத்தையே இறக்கி ஃபைல் பெயரை ஒட்டிவிடும். பெயர் பிஎஸ்டி, உள்ளே இருப்பது ஒரு வெப் பக்கம். நோட்பேடில் திறந்தால் முதல் வரியிலேயே ‘எச்டிஎம்எல்’ என்று பல்லைக் காட்டும். வேறு ஜிமெயில் கணக்கில் நுழைந்துகொண்டு இறக்கப் பார்த்தாலும் இப்படி ஒரு பக்கம் வந்து விழலாம். கடைக்கு ஒரு ஜிமெயில், ஓனருக்கு ஒன்று, டிசைனருக்கு ஒன்று, எல்லாம் ஒரே குரோமில். லிங்கை யாருக்கு ஷேர் செய்தார்களோ அவர் கணக்கில் நுழைந்திருக்கிறோமா என்று பார்த்துவிட்டு, பிரவுசரிலேயே மறுபடி இறக்கினால் போதும்.

ஃபோல்டராக இறக்கும்போது இன்னொன்று கவனிக்க வேண்டும். பெரிய ஃபோல்டரை கூகுள் பல ஜிப் ஃபைல்களாகப் பிரித்துத் தரும். முதல் ஜிப்பை மட்டும் விரித்துவிட்டு “பாதி ஷீட்டைக் காணோம்” என்பவர்கள் உண்டு. மிச்சம் பாதி இரண்டாவது ஜிப்பில் இருக்கிறது, டவுன்லோட்ஸ் ஃபோல்டரிலேயே.

மூன்றாவது வகை, சைஸ் ஏதோ இருக்கிறது, ஆனால் இருக்க வேண்டியதைவிடக் குறைவு. ஃபைல் பாதியில் அறுந்திருக்கிறது. போட்டோஷாப் ‘எதிர்பாராமல் ஃபைல் முடிந்துவிட்டது’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி சொல்லும். இங்கேதான் எல்லாரும் குழம்புகிறார்கள். “குட்டிப் படம் தெரியுதே சார், அப்புறம் எப்படி ஃபைல் போயிருக்கும்?” பிஎஸ்டி ஃபைலின் உள்கட்டுமானம் தெரிந்தால் இதற்குப் பதில் கிடைத்துவிடும். முதலில் 26 பைட்டுக்கு ஒரு தலைப்பு. அகலம், உயரம், கலர் முறை எல்லாம் அதில் இருக்கும். பிறகு கலர் விவரம், அதற்கடுத்து இமேஜ் ரிசோர்ஸ் என்ற பகுதி. தம்ப்நெயில் என்ற குட்டிப் படம் இங்கேதான், கிட்டத்தட்ட வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறது. அதற்குப் பிறகு லேயர்கள். கடைசியாக, எல்லா லேயரையும் சேர்த்து ஒட்டிய முழுப்படம். ஆக ஃபைல் பாதியில் அறுந்தாலும் வாசலில் இருக்கும் குட்டிப் படம் பத்திரமாக இருக்கும். தம்ப்நெயில் காட்டும் சாஃப்ட்வேர் அதைப் படித்துக் காட்டிவிடும். அது தெரிவதால் உள்ளே எல்லாம் இருக்கிறது என்று சொல்ல முடியாது.

அறுந்த ஃபைலுக்கு முதல் வைத்தியம் திரும்ப இறக்குவது. கிளவுடில் முழுதாக இருந்தால் பிரச்சினை முடிந்தது. கிளவுடிலும் முழு ஃபைல் இல்லை என்றால், ஏற்றிய இடத்தில்தான் கோளாறு. ஏற்றிக்கொண்டிருக்கும்போதே சிஸ்டத்தை ஆஃப் செய்துவிட்டுப் போயிருப்பார்கள். அல்லது இடம் நிறைந்திருக்கும். கூகுள் இலவசமாகத் தருவது 15 ஜிபி, அதை ஜிமெயிலும் போட்டோஸும் சேர்த்துப் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஷீட்டுக்கு 400 எம்பி வீதம் 40 ஷீட் ஆல்பம் ஒன்று 16 ஜிபி. ஒரு கல்யாணத்துக்கே பற்றாது. இடம் நிறைந்தால் ஃபைல் மேலே போகாமல் நின்றுவிடும். கடை கம்ப்யூட்டரில் பார்த்தால் இருக்கும், வீட்டில் போய்ப் பார்த்தால் இருக்காது. முதல் கம்ப்யூட்டரில் அது இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே இருக்கும்வரை கவலை இல்லை. ‘அதான் கிளவுட்ல ஏத்திட்டோமே’ என்று அங்கே டெலிட் செய்துவிட்டால்தான் வினை.

நாலாவது வகையைப் பார்த்தால் எனக்கே வயிற்றைக் கலக்கும். சைஸ் கச்சிதமாக இருக்கிறது. 450 என்றால் 450. ஆனால் திறக்காது. உள்ளே பார்த்தால் முழுக்கப் பூஜ்யம். இது கரண்ட் கட்டின் கைங்கரியம். சேவ் கொடுத்தவுடன் ஃபைலின் பெயர், அளவு போன்ற விவரங்கள் டிஸ்கில் பதிந்துவிடலாம். சரக்கு இன்னும் மெமரியிலிருந்து இறங்கிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனால், இடம் ஒதுக்கியபடி இருக்கும், அதில் ஒன்றும் எழுதியிருக்காது. கரண்ட் திரும்பி வந்ததும் கிளவுட் சாஃப்ட்வேர் விழித்துக்கொண்டு, ‘புது ஃபைல் வந்திருக்கிறது’ என்று அந்தப் பூஜ்யங்களை விசுவாசமாக மேலே ஏற்றிவிடும். மே மாதத்தில் இந்தப் பக்கம் கடை வைத்திருப்பவருக்கு யூபிஎஸ் எதற்கு என்று விளக்க வேண்டாம் என்று நினைப்பேன். விளக்க வேண்டித்தான் வருகிறது. மானிட்டருக்கு இருக்கும், சிபியுவுக்கு இருக்காது. அல்லது பேட்டரி செத்து வருஷக்கணக்காக ஆகியிருக்கும்.

‘உள்ளே பார்த்தால்’ என்று சொன்னேனே, எப்படிப் பார்ப்பது? எச்எக்ஸ்டி என்று ஓர் இலவச ஹெக்ஸ் எடிட்டர் இருக்கிறது. அதில் ஃபைலைத் திறந்து முதல் நான்கு எழுத்தைப் படியுங்கள். பிஎஸ்டி என்றால் அது ‘8பிபிஎஸ்’ என்று ஆரம்பித்தே ஆக வேண்டும். நோல் (Knoll) சகோதரர்கள் எழுதிய போட்டோஷாப் 1990 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்தது. எத்தனையோ பதிப்பு மாறிவிட்டது, இந்த நான்கு எழுத்து இன்றும் பிஎஸ்டியின் வாசலில் நிற்கிறது. ‘பிகே’ என்று ஆரம்பித்தால் அது ஜிப். கொஞ்சம் தள்ளி ‘ஜேஎஃப்ஐஎஃப்’ என்று தெரிந்தால் யாரோ ஜேபெக்கின் பெயரை மாற்றி பிஎஸ்டி ஆக்கியிருக்கிறார்கள். கஸ்டமர் “பிஎஸ்டியாத்தான் வேணும்” என்று அடம்பிடித்தால் பெயரை மட்டும் மாற்றி அனுப்பும் கில்லாடிகள் நம் தொழிலில் இருக்கிறார்கள். அதில் லேயரைத் தேடினால் கிடைக்காது.

நான்கு எழுத்தும் சரியாக இருந்து, சைஸும் சரியாக இருந்தால், பிறகுதான் ஃபைலை விட்டு கம்ப்யூட்டரைச் சந்தேகப்பட வேண்டும். முதல் குற்றவாளி சி டிரைவ். 120 ஜிபி எஸ்எஸ்டி, அதில் விண்டோஸ், போட்டோஷாப், கோரல்டிரா, மேலும் கிளவுட் சாஃப்ட்வேர் இறக்கி வைக்கும் தற்காலிகச் சரக்கு, போட்டோஷாப் தன் வேலைக்கு இடம் எடுத்துக்கொள்ளும் ஸ்கிராட்ச் டிஸ்க், எல்லாம் ஒரே இடத்தில் அடித்துக்கொள்கின்றன. இரண்டு, மூன்று ஜிபிதான் மிச்சம் என்னும் நிலையில் ஸ்ட்ரீம் ஆகிற ஃபைல் முழுதாக இறங்க இடமே இருக்காது. கூகுள் டிரைவின் செட்டிங்ஸில் போய் கேஷ் ஃபோல்டரை டி டிரைவுக்கு மாற்றலாம். போட்டோஷாப் பிரிஃபரன்ஸில் ஸ்கிராட்ச் டிஸ்கையும் அங்கே தள்ளலாம். இரண்டையும் மாற்றிய மறுநாளே “என்ன சார் பண்ணீங்க, சிஸ்டம் பறக்குது” என்று போன் வரும்.

இரண்டாவது குற்றவாளி பழைய போட்டோஷாப். 2002-இல் வந்த 7.0 பதிப்பை இன்னும் விடாமல் பிடித்திருக்கும் கடைகள் இங்கே உண்டு. வேகமாக இருக்கிறது, கை பழகிவிட்டது, எனக்கு அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அது பிஎஸ்பி என்ற பெரிய வடிவ ஃபைலைத் திறக்காது. பிஎஸ்டி பக்கத்துக்கு 30,000 பிக்சல் வரைதான் தாங்கும், சைஸில் 2 ஜிபிதான் எல்லை. 40 அடி ஹோர்டிங்கை 72 டிபிஐயில் வைத்தாலே 34,560 பிக்சல் ஆகிவிடும், எல்லை தாண்டிவிட்டது. அப்போது பிஎஸ்பியாகச் சேமிப்பார்கள். அது போட்டோஷாப் சிஎஸ் காலத்தில் வந்தது. பூந்தமல்லியில் புதுப் பதிப்பில் செய்த ஹோர்டிங் டிசைனை ஆவடியில் 7.0-இல் திறக்கப் பார்த்தால் பொருந்தவில்லை என்றுதான் சொல்லும். கேமரா ஃபைலுக்கும் இதே விதி. கேனான் 2018-இல் கொண்டுவந்த சிஆர்3 ராவ் ஃபைலைப் பழைய போட்டோஷாப்புக்குத் தெரியாது. ஐபோன் எடுக்கும் எச்இஐசி படத்தை விண்டோஸில் பார்க்கத் தனி எக்ஸ்டென்ஷன் வேண்டும். இவற்றுக்கெல்லாம் கிளவுட் மேல் கோபப்படுவது வீண்.

புதுப் பதிப்பிலும் ஒரு பொறி இருக்கிறது. சேவ் கொடுத்தவுடன் கம்ப்யூட்டரிலா, கிளவுட் டாகுமெண்ட்டாகவா என்று அது கேட்கும். அவசரத்தில் கிளவுட் என்று அழுத்திவிட்டால் ஃபைல் பிஎஸ்டிசி என்ற வேறு வடிவத்தில், போட்டோஷாப் நிறுவனமான அடோபியின் கணக்குக்குள் போய்விடும். ஐபேடுக்கான போட்டோஷாப் 2019 நவம்பரில் வந்தபோது சேர்ந்து வந்த ஏற்பாடு இது. பிறகு டி டிரைவ் முழுக்கத் தேடினாலும் அந்த ஃபைல் கிடைக்காது. போட்டோஷாப்பின் ஹோம் திரையில் ‘யுவர் ஃபைல்ஸ்’ என்ற இடத்தில் இருக்கும், திறந்து கம்ப்யூட்டரில் பிஎஸ்டியாகச் சேமித்துக்கொள்ளுங்கள்.

தமிழில் ஃபைல் பெயர் வைப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. வையுங்கள், தாராளமாக. ஆனால் கல்யாணப் பத்திரிகையை அப்படியே பெயராக வைக்காதீர்கள். கம்ப்யூட்டருக்குள் ஓர் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். தமிழில் ‘க’ மூன்று பைட், ‘கா’ ஆறு பைட். கடைகளில் வைத்திருக்கும் நாஸ் என்ற நெட்வொர்க் ஸ்டோரேஜ் பெட்டிகளிலும் ஆண்ட்ராய்டு போன்களிலும் ஒரு ஃபைல் பெயருக்கு எல்லை 255 பைட்தான். விண்டோஸ் வேறு விதமாக எண்ணுவதால் அதற்கு இந்தத் தொந்தரவு தெரியாது. மாப்பிள்ளை பெயர், பெண் பெயர், இரண்டு ஊர், மண்டபம், தேதி எல்லாம் சேர்த்த பெயர் விண்டோஸில் சாதுவாக இருக்கும், நாஸுக்கு அனுப்பினால் அடம்பிடிக்கும். ‘கொ’ போன்ற எழுத்தில் இன்னும் ஒரு விசித்திரம். அதன் கொம்பையும் காலையும் ஒரே குறியீடாகவும் வைக்கலாம், இரண்டு குறியீடாகப் பிரித்தும் வைக்கலாம். பழைய மேக் கம்ப்யூட்டர்கள் பிரித்து வைக்கும், விண்டோஸ் கீபோர்டுகள் பொதுவாகச் சேர்த்து வைக்கும். கண்ணுக்கு ஒரே பெயர், கம்ப்யூட்டருக்கு இரண்டு. மேக்கில் செய்த பிஎஸ்டியில் லிங்க் செய்த படம் விண்டோஸில் காணவில்லை என்றால், ‘கொடிமரம்’ என்ற பெயரைச் சந்தேகப்பட்டுப் பாருங்கள். என் யோசனை: கடையின் ஜாப் நம்பரை ஆங்கில இலக்கத்தில் முதலில் வையுங்கள், அதற்குப் பின்னால் ஒரே ஒரு தமிழ்ப் பெயர்.

ஃபைல் திறந்துவிட்டது, ஆனால் தமிழ் எல்லாம் பூச்சி பூச்சியாக இருக்கிறது என்றால் அது ஃபாண்ட் விவகாரம். தமிழக அரசு 2010 ஜூனில் யூனிகோடையும் டேஸ்16-ஐயும் தரமாக அறிவித்தது. நம் டிடிபி உலகம் இன்னும் பாமினியிலும் வானவில்லிலும் வாழ்கிறது. அந்தப் பழைய ஃபாண்ட் இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் எழுத்து சிதறத்தான் செய்யும். யூனிகோடில் ‘கெ’ உடைந்து தெரிந்தால், புதிய போட்டோஷாப்பில் பத்தி அமைப்பின் வேர்ல்டு-ரெடி லேஅவுட்டைத் தேர்ந்தெடுத்தால் சரியாகும். இதைப் பற்றித் தனிப் பதிவே எழுத வேண்டும்.

இப்போது மீட்பு வேலை. ஃபைல் உண்மையாகவே கெட்டுவிட்டது என்று உறுதியானால் முதலில் செய்ய வேண்டியது, கிளவுட் சாஃப்ட்வேரில் சிங்க் (ஒத்திசைவு) ஆவதை நிறுத்தி வைப்பது. கெட்ட ஃபைலை அதே பெயரில் சேவ் செய்து பார்க்காதீர்கள். பெயர் மாற்றிப் பார்க்காதீர்கள். அதன் காப்பியில்தான் எல்லா விளையாட்டும்.

அடுத்து பிரவுசரில் கிளவுட் தளத்துக்குப் போய் அந்த ஃபைலின் பழைய வெர்ஷன்களைத் தேடுங்கள். கூகுள் டிரைவில் ரைட் கிளிக் செய்தால் ‘மேனேஜ் வெர்ஷன்ஸ்’ என்று இருக்கும். பழைய வெர்ஷன்களை 30 நாள், அல்லது 100 வெர்ஷன் சேரும்வரை வைத்திருக்கும். ஒன்டிரைவிலும் டிராப்பாக்ஸிலும் ‘வெர்ஷன் ஹிஸ்டரி’ என்று இருக்கும். மேலே சொன்ன பூஜ்ய ஃபைலுக்கு இதுதான் உயிர். கரண்ட் போவதற்கு முந்தைய சேவ் அங்கே கிடைக்கும், அன்றைய வேலை மட்டும்தான் நஷ்டம். போட்டோஷாப்பின் ஆட்டோ ரெக்கவர் ஃபோல்டரில் ஏதாவது பிஎஸ்பி கிடக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். நாள் தள்ளிப் போகப் போக வாசல் மூடிக்கொண்டே வரும், ஆகவே “அடுத்த முகூர்த்தம் முடிஞ்சப்புறம் பாத்துக்கலாம்” என்ற பேச்சே கூடாது.

பழைய வெர்ஷனும் இல்லையா? ஓப்பன் டயலாகில் ஃபைலைத் தேர்ந்தெடுத்து, ஷிஃப்ட்டையும் ஆல்ட்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஓப்பன் அழுத்துங்கள். லேயர்களை விட்டுவிட்டு, கடைசியில் இருக்கும் சேர்த்து ஒட்டிய படத்தை மட்டும் படிக்கவா என்று போட்டோஷாப் கேட்கும். லேயர் பகுதி கெட்டு வால் பகுதி நன்றாக இருந்தால், பிரிண்ட் போடும் அளவுக்குப் படம் வந்துவிடும். இதற்கு ‘மேக்ஸிமைஸ் காம்பாட்டிபிலிட்டி’ போட்டுச் சேமித்திருக்க வேண்டும். சைஸ் கூடுகிறது என்று அதை அணைத்து வைப்பவர்கள் அந்தப் படத்தையே இழக்கிறார்கள். வால் அறுந்த ஃபைலுக்கு இந்த வித்தை உதவாது. அதைப் போட்டோபீ என்ற பிரவுசர் சாஃப்ட்வேரிலோ கிம்ப்பிலோ போட்டுப் பாருங்கள், போட்டோஷாப் முரண்டு பிடிக்கும் சில ஃபைல்களை அவை பாதியாவது திறக்கும். காசு கட்டி இறக்கும் பிஎஸ்டி ரிப்பேர் சாஃப்ட்வேர்களில் எனக்கு நம்பிக்கை இல்லை. டிஸ்கில் வந்தே சேராத பைட்டை எந்த சாஃப்ட்வேரும் கற்பனை செய்து எழுத முடியாது. வாங்குவதற்கு முன் இலவச சோதனைப் பதிப்பில் படம் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இவ்வளவு வேலையும் வராமல் இருக்க ஒரு வழிதான் உண்டு. கிளவுட் ஃபோல்டருக்குள் வைத்துக்கொண்டு டிசைன் செய்யாதீர்கள். அடோபியே போட்டோஷாப் வேலையைக் கம்ப்யூட்டரின் சொந்த டிஸ்கில் செய்யத்தான் சொல்கிறது. டி டிரைவில் ‘வேலை’ என்று ஒரு ஃபோல்டர், வேலை முடிந்து போட்டோஷாப்பை மூடிய பிறகு கிளவுட் ஃபோல்டருக்கு ஒரு காப்பி. இரண்டு கம்ப்யூட்டரில் இரண்டு பேர் ஒரே பிஎஸ்டியை ஒரே நேரத்தில் திறந்து சேவ் செய்வதும் இதோடு நின்றுவிடும். கூடவே ஒவ்வொரு பிஎஸ்டிக்கும் பக்கத்தில் ஒரு முழுத்தர ஜேபெக். பிஎஸ்டி போனாலும் லேபுக்கு அனுப்ப அது போதும்.

சிங்க் என்பது பேக்கப் ஆகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இங்கே டெலிட் செய்தால் அங்கேயும் டெலிட் ஆகும். இங்கே கெட்டால் கெட்டதுதான் அங்கேயும் போகும். கிளவுடோடு, மாதம் ஒருமுறை சொருகி எடுத்து மாடியில் வைக்கும் ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கும் வேண்டும். மாடி என்று நான் சொல்வது எதற்கு என்று வெள்ளத்தைப் பார்த்த கொரட்டூர்க்காரர்களுக்குத் தெரியும்.

கடை வைத்திருப்பவர்கள் இன்றைக்கே ஒன்று செய்யுங்கள். அடிக்கடி தேவைப்படும் டெம்ப்ளேட் ஃபோல்டரை, முக்கியமாகக் கண்ணீர் அஞ்சலியை, ரைட் கிளிக் செய்து ‘ஆல்வேஸ் கீப் ஆன் திஸ் டிவைஸ்’ கொடுங்கள். கூகுள் டிரைவ் என்றால் ‘அவைலபிள் ஆஃப்லைன்’. பிறகு நெட் கேபிளைப் பிடுங்கிவிட்டு ஒவ்வொன்றையும் திறந்து பாருங்கள். திறக்காத ஃபைல் உங்களிடம் இல்லாத ஃபைல்.